அப்பாவுக்கு வந்தது ‘சின்ன ஸ்ட்ரோக்’ என்றார்கள். கணக்கு மட்டும் ஏன் போனது?

விருதுநகர்_மளிகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. 40 வருடமாக மளிகைக் கடை. 7 மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது வலது கை மரத்துப்போய் பேச்சு குழறியது. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். சிடி எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தபோது மூளையின் ஆழத்தில் இடது தாலமஸ் என்ற பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோன இடம் தெரிந்தது. ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே ‘வெண்பொருளில் வயது சார்ந்த மாற்றங்கள், ஃபசேகாஸ் 2’ என்று இன்னொரு வரி. அதைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை.

2 வாரத்தில் கை சரியாகிவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. சின்ன ஸ்ட்ரோக், தப்பித்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

அப்புறம் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அரை கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ உளுந்து, 2 சோப்பு என்று யாராவது கேட்டால், பொட்டலம் மடித்து முடிப்பதற்குள் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுகிற ஆள் அவர். காதில் பென்சில் இருக்கும், எடுக்கவே மாட்டார். இப்போது பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாவது பொருளிலேயே நின்றுவிடுகிறார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும்போதும் பிபி பார்க்கிறார்கள், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள். ‘நல்லா இருக்காரே’ என்கிறார்கள். சொந்தக்காரர்கள் வயதாகிவிட்டது என்கிறார்கள். 9 மில்லிமீட்டர் என்பது ஒரு கொண்டைக்கடலை அளவு, அவ்வளவுதான். அது 40 வருடக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகுமா? சிடியில் ஏன் தெரியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன்_அறை எழுதியது:

தம்பி, நான் 14 வருடமாக எம்ஆர்ஐ டெக்னீஷியன். டாக்டர் இல்லை. படம் எடுக்கிற பக்கத்தில் இருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சிடியில் தெரியாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஸ்ட்ரோக் என்று வந்தவுடன் சிடி எடுப்பது முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கசிவு இருந்தால் சிகிச்சையே வேறு. அடைப்பினால் வந்த சின்னப் புண் முதல் சில மணி நேரத்தில் சிடியில் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது.

எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு வரிசைப் படம் எடுப்போம். திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளக்கிற படம் அது. ரத்தம் நின்றதும் செல்கள் வீங்கி, தண்ணீர் நகர இடமில்லாமல் நெருக்கடியாகிவிடும். அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இந்த முறையை 1980களின் நடுவில் பிரான்சில் டெனி லெ பியான் உருவாக்கினார். 1990இல் அமெரிக்காவில் மைக்கேல் மோஸ்லியும் அவருடன் இருந்தவர்களும் பூனைகளின் மூளையில், ரத்தம் தடைபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இந்த மாற்றம் தெரிவதைக் காட்டினார்கள். அதுவரைக்கும் ஸ்ட்ரோக்கைப் படத்தில் பார்க்க மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

இன்னொன்று. அந்த வெளிச்சம் சுமார் 2 வாரத்தில் மங்கிவிடும். இப்போது எடுத்தால் அதே இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் மாதிரி இருண்டு தெரியலாம். அதனால் முதலில் எடுத்த எம்ஆர்ஐ படங்களைப் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் தட்டைப் பத்திரமாக வையுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. ஃபிலிமில் நாங்கள் அச்சிடுவது கொஞ்சம் படங்களைத்தான்.

நிழற்படலம் எழுதியது:

மளிகை அண்ணா, வணக்கம். நான் நெதர்லாந்தில் ஸ்ட்ரோக் படங்களை வைத்து ஆய்வு செய்கிற மாணவி. உங்கள் அப்பாவின் படத்தைப் பார்க்காமல் அவரைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் 9 மில்லிமீட்டர் இதைச் செய்யுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இருக்கிறது. செய்யும்.

விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் என்று பார்த்தால் சென்னை அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகிற பாதை, மயிலாடுதுறை வழியாகப் போகிற பாதை, காட்பாடிப் பாதை எல்லாம் அங்கேதான் பிரிகின்றன. சென்னையில் 4 தெரு மூழ்கினால்கூட வண்டி ஓடும். விழுப்புரம் யார்டில் ஓர் இடம் கெட்டால் தெற்கே பாதி ஊருக்கு வண்டி வராது. தாலமஸ் அப்படிப்பட்ட ஜங்ஷன். நெற்றிப் பக்கத்து மூளை, நினைவுக்கான பகுதிகள், சொல்லைத் தேடி எடுக்கிற பகுதிகள் எல்லாவற்றுக்கும் அங்கே போக்குவரத்து உண்டு. மூளைப் புறணியில் இதே 9 மில்லிமீட்டர் புண் வேறோர் இடத்தில் வந்திருந்தால் யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கலாம்.

எந்த இடத்தில் வந்தால் அறிவாற்றல் பாதிக்கும் என்று மருத்துவர்கள் ரொம்ப நாளாக ஊகித்துவந்தார்கள். ஆனால் அந்த ஊகம் எல்லாம் ஒன்றிரண்டு நோயாளிகளை வைத்து வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் 100 பேரைச் சேர்த்தாலும் மூளையின் பல பகுதிகளில் ஒருவருக்குக்கூடப் புண் இருக்காது. புண்ணே இல்லாத இடத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதனால் இங்கே உட்ரெக்ட் நகரை மையமாக வைத்து, பல நாடுகளில் நடந்த 12 ஆய்வுகளின் படங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். மொத்தம் 2,950 பேர். ஒவ்வொருவரின் புண்ணும் படத்தில் எல்லை வரைந்து குறிக்கப்படும். பிறகு எல்லா மூளைகளும் ஒரே பொது மூளை வடிவத்துக்குப் பொருத்தப்படும். அந்த எல்லை வரைகிற வேலையை நானும் செய்கிறேன். ஒரு சுண்டைக்காய் அளவுப் புண்ணுக்கு ஒவ்வோர் அடுக்குப் படத்திலும் ஓரம் ஓரமாகக் கோடு இழுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பு வந்தால் கை தானாகவே நிதானமாகிவிடும்.

2021இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் அந்த முடிவு வந்தது. அந்த 2,950 பேரில் 100க்கு 44 பேருக்கு அறிவாற்றல் குறைவு இருந்தது. புண் இருந்தால் அதிகம் பாதிக்கிற இடங்களாக அவர்கள் கண்டது இடது நெற்றி மற்றும் பொட்டுப் பகுதி, வலது உச்சிப் பகுதி (பரைட்டல்), அப்புறம் இடது தாலமஸ்.

ஆமாம் அண்ணா, இடது தாலமஸ்.

விருதுநகர்_மளிகை எழுதியது:

கடையில் உட்கார்ந்து இதைப் படித்தேன். கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது. வருத்தத்தால் இல்லை. 7 மாதமாக நான் கற்பனை செய்துகொள்கிறேனோ என்று நினைத்திருந்தேன்.

அந்த ஃபசேகாஸ் 2 என்பது என்ன? அதுவும் ஸ்ட்ரோக்கா?

ஓய்வாசிரியர்_72 எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். எனக்குத் தலைவலிக்காக எம்ஆர்ஐ எடுத்தார்கள். தலைவலிக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ‘பழைய சிறு இன்ஃபார்க்ட் ஒன்று உள்ளது’ என்று, அதாவது ரத்தம் நின்றுபோன பழைய புண் ஒன்று இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு ஒருநாளும் வாதம் வந்ததில்லை. கை, கால், வாய் எதுவும் இழுத்ததில்லை. அந்த ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து ஒரு பெயர் மறந்தால்கூடத் தூக்கம் போய்விடுகிறது. மருந்தும் இல்லை என்கிறார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாத செய்தியை நோயாளிக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? விருதுநகர்த் தம்பியும் இந்த மில்லிமீட்டர்க் கணக்கில் மூழ்கிவிடாமல் அப்பாவோடு நேரம் செலவழிப்பது நல்லது.

நிழற்படலம் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி ரொம்ப நியாயமானது. ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை.

நெதர்லாந்தில் நடந்த ராட்டர்டாம் ஸ்கேன் ஆய்வில் 60 முதல் 90 வயது வரையிலான 1,015 பேருக்கு 1995-96இல் எம்ஆர்ஐ எடுத்தார்கள். யாருக்கும் அப்போது நினைவும் சிந்தனையும் சிதைகிற டிமென்ஷியா இல்லை, ஸ்ட்ரோக்கும் வந்ததில்லை. அப்படியிருந்தும் கணிசமான பேருக்கு உங்களுக்கு இருப்பதுபோல் சத்தமில்லாமல் வந்துபோன புண் இருந்தது. பின்தொடர்ந்து பார்த்தபோது அவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 2 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. 2003இல் வந்த இந்த முடிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கேட்டால் பயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. சில வருடம் கழித்து இரண்டாவது முறையும் படம் எடுத்தார்கள். பழைய புண் இருந்தவர்களை, புதிதாகப் புண் சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். அறிவாற்றல் இறங்கியது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். பழையது மட்டும் இருந்தவர்களுக்கு அந்தச் சரிவு தெரியவில்லை. ஐயா, அந்தப் பழைய வடு நடந்து முடிந்த விஷயம். இனிமேல் புதிதாக வராமல் பார்த்துக்கொள்வதற்கு பிபி, சுகர், புகை என்று கைக்கு எட்டும் வழிகள் எத்தனையோ இருக்கின்றன. அதற்காகத்தான் அந்த வரியை உங்களிடம் சொன்னார்கள். சொன்ன விதம் சரியில்லை என்றால் அது வேறு குறை, அதில் உங்களோடு நிற்கிறேன்.

மளிகை அண்ணா, உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மூளையின் உள்ளே நரம்பிழைகள் கேபிள் கட்டுபோல ஓடுகிற பகுதி வெண்பொருள். அதற்கு ரத்தம் கொடுப்பவை மயிரிழை போன்ற நுண்குழாய்கள். பல வருடம் பிபி ஏறியே இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போகும், சுற்றியிருக்கிற இழைகள் சேதமாகும். ஃப்ளேர் என்கிற படத்தில் அது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். 1987இல் ஃபசேகாஸ் வகுத்த அளவு 0 முதல் 3 வரை. 1 என்றால் தனித்தனிப் புள்ளிகள், 2 என்றால் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன, 3 என்றால் மேகம்போல் பரவிவிட்டன. வயதானால் ஓரளவு எல்லோருக்கும் வருவதுதான். அதனால் ‘வயது சார்ந்த மாற்றம்’ என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிப்பதில்லை. 2 என்பது கவனிக்க வேண்டிய அளவு. ஜங்ஷன் கெட்டால் வண்டியை வேறு வழியில் திருப்பலாம், சரி. ஏற்கெனவே மற்ற தண்டவாளங்களும் தேய்ந்திருந்தால்? ஒரே அளவுப் புண் இருவருக்கு வந்து, ஒருவர் எழுந்து நடந்துவிட, இன்னொருவர் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பருத்தித்துறை_மகள் எழுதியது:

இதை வாசிக்கேக்கை அம்மாவைத்தான் நினைச்சன். அவவுக்கு மறதி இல்லை. 20 வருசத்துக்கு முந்தி நடந்த கலியாணத்துக்கு ஆர் ஆர் வந்தது எண்டு சொல்லுவா. ஆனா ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒண்டிலையும் பிடிப்பில்லை. கோயிலுக்குப் போவம் எண்டால் சரி எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே இருப்பா. பூக்கண்டுக்குத் தண்ணி விடச் சொன்னால் வாளியோட போய் நிப்பா, விடமாட்டா. முதலில மனச்சோர்வு எண்டு மருந்து தந்தவை. இதுவும் அதோட சேர்ந்ததோ? இல்லாட்டி அல்சைமரோ?

நிழற்படலம் எழுதியது:

அக்கா, மறதி இல்லாமல், தானாக ஒன்றைத் தொடங்குகிற முனைப்பு மட்டும் குறைவது ரத்தக்குழாய் சார்ந்த பாதிப்பில் அடிக்கடி பார்க்கிற விஷயம். நெற்றிப் பகுதிக்கும் மூளையின் ஆழத்துக்கும் இடையில் உள்ள இணைப்பு அறுந்தால் அப்படி ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். அம்மா அழுகிறாரா, தன்னைக் குறைத்துப் பேசுகிறாரா, அல்லது வருத்தம் ஒன்றும் இல்லாமல் சும்மா இருக்கிறாரா என்று டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள். அவருக்கு அது ரொம்ப உதவும். மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இதுவா, அல்சைமரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளை வைத்து டேவிட் ஸ்னோடன் ஓர் ஆய்வு நடத்தினார். 678 பேர் சேர்ந்து, இறந்தபின் தங்கள் மூளையையும் கொடுக்கச் சம்மதித்தார்கள். 1997இல் இறந்துபோன 102 பேரின் மூளைகளைப் பார்த்து எழுதினார். திசுவில் அல்சைமர் அடையாளங்கள் நிறைந்திருந்தும் சிலருக்கு உயிரோடு இருந்தபோது டிமென்ஷியா இல்லை. அதே அடையாளங்களோடு மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சின்ன ஸ்ட்ரோக் புண்ணும் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா மிக அதிகமாக இருந்தது. வயதான மூளையில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. அல்சைமரைத் தடுக்க இன்றைக்கு நம் கையில் உறுதியான வழி குறைவு. ஸ்ட்ரோக்கைத் தடுக்க நிறைய இருக்கிறது.

கைவினை_ஓடி எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவள். படத்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. ஆனால் மளிகைத் தம்பியின் அப்பாவை 7 மாதத்தில் ஒருவர்கூட உட்காரவைத்துச் சோதிக்கவில்லை. எனக்கு அங்கேதான் ஆற்றாமை. கை பிடிமானத்தைப் பார்க்க 10 வினாடி போதும். சிந்தனையைப் பார்க்க 15 நிமிடம் வேண்டும், அந்த 15 நிமிடம் எந்த ஓபியிலும் இல்லை.

மொகா என்று சிந்தனைத் திறனைப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண், தமிழ் வடிவமும் உண்டு. பழைய எம்எம்எஸ்இ சோதனையும் 30க்குத்தான், ஆனால் அது நினைவையும் மொழியையும் அதிகம் பார்க்கும், திட்டமிடுவதையும் வேகத்தையும் சரியாகப் பிடிக்காது. ஸ்ட்ரோக்கில் முதலில் அடிபடுவதோ அவைதான். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வோம். வட்டம் அழகாக வரும். எண்கள் எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கியடித்து முடிந்துவிடும். எதிரில் இருக்கிற மகனோ மகளோ அப்போதுதான் முதல்முறையாக உண்மையைப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை: பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்கு இந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 5ஆம் வகுப்போடு நிறுத்தியவர் 22 வாங்கினால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அவரால் முன்பு என்ன முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்ற வீட்டார் வாக்குமூலம் அதைவிடப் பெரியது.

தம்பி, ஒன்று செய்யுங்கள். அப்பாவிடம் 58, 34, 45 என்று வாயால் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். மறுநாள் அதே மாதிரி 3 எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். பரீட்சை மாதிரி வேண்டாம், கடை வேலையோடு வேலையாக.

சேலம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

எல்லோரும் பிபி, பிபி என்கிறீர்கள். மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தால் டிமென்ஷியா வராது என்று ஸ்பிரிண்ட் ஆய்வே சொல்லிவிட்டதே. அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளச் சொல்லலாமே?

நிழற்படலம் எழுதியது:

சார், இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வில், 120க்குக் கீழே இலக்கு வைத்தவர்களையும் 140க்குக் கீழே வைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2019இல் வந்த மூளை பற்றிய முடிவில், லேசான அறிவாற்றல் குறைவு 120 குழுவில் குறைந்தது. டிமென்ஷியாவைப் பொறுத்தவரை வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. எம்ஆர்ஐ எடுத்தவர்களில் வெண்பொருள் புள்ளிகள் கூடிய அளவு 120 குழுவில் குறைவாக இருந்தது. இதெல்லாம் நல்ல செய்திதான்.

ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர்களையும் சேர்க்கவே இல்லை. அதாவது மளிகை அண்ணாவின் அப்பா அதில் இல்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கும் பிபியைக் கட்டுக்குள் வைக்கத்தான் வேண்டும், இலக்கு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயதானவருக்கு மாத்திரையைத் தானாகக் கூட்டி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பார்ப்பது?

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் பெண்டில்பரியும் ராத்வெல்லும் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் ஸ்ட்ரோக்குக்குப் பின் புதிதாக டிமென்ஷியா வந்தவர்கள் சுமார் 10இல் ஒருவர். இரண்டாவது, மூன்றாவது ஸ்ட்ரோக் வந்தவர்களில் 3இல் ஒருவருக்கும் மேல். அதனால்தான் கை சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

ஓய்வாசிரியர்_72 எழுதியது:

பழைய வடு, புதிய வடு என்று அந்தப் பெண் பிரித்துச் சொன்னதை 3 முறை படித்தேன். இதை எனக்கு அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் 4 மாதத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். நாளை காலையிலிருந்து பிபியை ஒரு நோட்டில் குறித்துவைக்கப் போகிறேன். நன்றி அம்மா.

விருதுநகர்_மளிகை எழுதியது:

அக்கா சொன்னபடி செய்தேன். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரம் பார்த்து 58, 34, 45 என்றேன். ‘92...’ என்றார். அதோடு நின்றுவிட்டார். அடுத்தது என்ன சொன்னாய் என்று கேட்டார். 45 என்றேன். இப்போது 92 போய்விட்டது.

மறுநாள் 67, 29, 46 என்று பொட்டலத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நேரம் எடுத்தது, ஒரு நிமிடம் இருக்கும். 142 என்று கீழே கோடு போட்டு எழுதினார். சரியான விடை.

அக்கா, இதற்கு என்ன அர்த்தம்?

கைவினை_ஓடி எழுதியது:

கணக்கு போகவில்லை தம்பி. ஒரு எண்ணை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே அடுத்ததைச் சேர்க்கிற வேலைதான் சிரமமாகிவிட்டது. தாள் அந்தப் பிடிப்பை அவருக்காகச் செய்துகொடுக்கிறது. அதனால் தாளையே கருவியாக்குங்கள். கல்லாப் பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். அவர் கூட்டும்போது நீங்கள் பேசாதீர்கள், ரேடியோவை அணையுங்கள். கால்குலேட்டரைக் கையில் திணித்து அவரை ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். அப்புறம் அடுத்த செக்கப்பில், இந்த 2 நாள் நடந்ததை அப்படியே எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ‘மறதியாக இருக்கிறார்’ என்று மட்டும் சொன்னால் கடந்துபோய்விடுவார்கள். ‘வாயால் சொன்னால் மூன்றாவது எண்ணில் நிற்கிறார், எழுதிக் கொடுத்தால் சரியாகச் செய்கிறார்’ என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். மொகா செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

ஸ்கேன்_அறை எழுதியது:

போகும்போது அந்தத் தட்டை எடுத்துப்போக மறக்காதீர்கள்.

விருதுநகர்_மளிகை எழுதியது:

தட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது அண்ணா. 16ஆம் தேதி அப்பாயின்ட்மென்ட். டாக்டரிடம் கொடுக்க எழுதிவைத்துவிட்டேன், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

நேற்றே கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். அப்பா முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டார். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் 5 பொருள் வாங்கினார். அப்பா ஒவ்வொன்றாக எழுதினார், கூட்டினார், இன்னொரு முறை சரிபார்த்தார். அந்த அக்கா அவசரப்படுத்தாமல் நின்றார். சில்லறையை எண்ணிக் கொடுத்தபின் அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.